பேசாத படத்துக்குத் தமிழ்: பெங்களூரில் ‘தி க்ரவுட்’ திரையிடுவது எப்படி

1928-ல் வெளிவந்த மௌனப் படம் ‘தி க்ரவுட்’. எம்.ஜி.எம். தயாரிப்பு, கிங் விடோர் இயக்கம். பெரிய ஆளாக வருவோம் என்ற நம்பிக்கையோடு 21 வயதில் நியூயார்க்குக்கு வரும் ஜான் சிம்ஸ், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான மேசைகளுக்கு நடுவே 137-ஆம் எண் மேசையில் உட்கார்ந்து கூட்டல் போடுகிறான். மனசு மட்டும் விளம்பர வாசகங்களில். ஒரே ஒரு வாசகம் பரிசு வாங்குகிறது. அந்தப் பரிசு வந்த நாளே குடும்பம் இடிந்துபோகிறது. வைட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ நீண்ட மேசை வரிசையில் வேலை பார்க்கிற தமிழருக்கு இந்தப் படத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒழுங்காகக் காட்டினால் போதும்.

தமிழ் வாசகத்தோடும் நேரடி இசையோடும் இந்தப் படத்தைத் திரையிட நினைக்கிற குழுக்களுக்காக எழுதியது இது. எண்பது முதல் நூறு பேர் உட்காரும் கூடம், மூன்று இசைக் கலைஞர்கள், ஒரு புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி. ஆறு வாரம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். நான்கு வாரத்திலும் முடியும், ஆனால் மொழிபெயர்ப்பு அவசரமாகிவிடும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாத பகுதி அதுதான்.

உரிமையும் பிரதியும்

அமெரிக்காவில் 1928-ல் வெளியான படங்கள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. இந்தியாவில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே படத்தைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. சிக்கல் இசையில் இருக்கிறது. இணையத்தில் சுற்றும் பல பிரதிகளில் கார்ல் டேவிஸ் 1981-ல் அமைத்த பின்னணி இசை ஒட்டியிருக்கும். அது அருமையான இசை, ஆனால் அதற்குத் தனி உரிமை உண்டு. படம் பழசு என்பதால் அதோடு வரும் ஒலியும் பழசு என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. கோப்பிலிருந்து ஒலித்தடத்தையே நீக்கிவிடுங்கள். ஒலியளவைக் குறைத்து வைத்தால் போதாது. காட்சி நேரத்தில் யாராவது தெரியாமல் கூட்டிவிட்டால் உங்கள் வயலின் மேல் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா வந்து விழும்.

தணிக்கை விஷயத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். திரைப்படச் சட்டம் 1952 பொதுக் காட்சிக்குச் சான்றிதழ் கேட்கிறது. டிக்கெட் போட்டு, வருகிறவர் எல்லாரையும் உள்ளே விடும் திட்டம் வேண்டாம். ஏற்கெனவே இயங்கும் பிலிம் சொசைட்டி ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் உறுப்பினர் காட்சிகளை எந்த ஏற்பாட்டில் நடத்துகிறார்கள் என்று கேட்டு, அதே வழியில் போங்கள். பனசங்கரியில் சுசித்ரா பிலிம் சொசைட்டி இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பது நல்லது.

பிரதி கையில் வந்ததும் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்கும் முன் நான்கு இடங்களைச் சோதியுங்கள்.

முதலாவது, தந்தை இறந்த செய்தி கேட்டுச் சிறுவன் ஜான் மாடிப்படி ஏறிவரும் காட்சி. படிக்கட்டின் இருபுறச் சுவரும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய டேப்பிலிருந்து எடுத்த பிரதியில் அது வெறும் கருப்பாக அடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, கேமரா வானுயர்ந்த கட்டடத்தின் மேல் ஏறி ஒரு ஜன்னலுக்குள் நுழைந்து மேசை வரிசைகளின் மேல் இறங்கும் இடம். ஜன்னல் கோடுகளில் சீப்புப் பல் மாதிரி கீறல் தெரிந்தால் அது இன்டர்லேஸ் பிரதி, அதாவது ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்து வைத்தது. விஎல்சி ப்ளேயரில் ‘டீஇன்டர்லேஸ்’ போட்டால் பெரும்பாலும் சரியாகும். அப்போதும் போகவில்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள்.

மூன்றாவது, ஜானின் மகள் மேல் லாரி ஏறும் விபத்து. இந்த இடத்தில் சில வினாடிகள் விடுபட்ட பிரதியை எடுக்கவே வேண்டாம்.

நான்காவது, முடிவு. இந்தப் படத்துக்கு விடோர் ஏழு முடிவுகள் எடுத்துப் பார்த்தார் என்பார்கள். கடைசியில் இரண்டு முடிவுகளோடு படம் கொட்டகைகளுக்குப் போனது. ஒன்று, நாடகக் கொட்டகையில் குடும்பம் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிக்க, கேமரா பின்வாங்குவது. இன்னொன்று, ஜானுக்கு விளம்பரத் துறையில் வேலை கிடைத்து, வசதியான வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது. நீங்கள் காட்ட வேண்டியது முதலாவது. அதில்தான் படம் தன் சொல்லைக் காப்பாற்றுகிறது.

வேகம்

மௌனப் படங்களை ஒரே சீரான வேகத்தில் எடுக்கவில்லை. 1920-களின் கடைசியில் வேகம் வினாடிக்கு 24 சட்டகத்தை நெருங்கிவிட்டாலும், கையில் கிடைக்கும் டிஜிட்டல் பிரதி எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து நடை மாறும். 24-ல் இருக்க வேண்டியதை 25-ல் ஓட்டிய பிரதிகள் உண்டு. 4 சதவீத வேகம், 100 நிமிடப் படம் 96 ஆகும். அதைப் பார்வையாளர் கவனிக்க மாட்டார். பத்து சதவீதம் கூடினால் நடப்பவர் எல்லாரும் தத்தித் தத்தி ஓடுவார்கள், கூடம் சிரிக்கும். சிரிக்கக் கூடாத இடத்திலும் சிரிக்கும்.

சோதனை சுலபம். ஜானும் அவன் மனைவி மேரியும் வீட்டுக்குள் சாதாரணமாக நடக்கும் ஒரு காட்சியை எடுத்து, கூடவே எழுந்து நடந்து பாருங்கள். உங்கள் காலும் அவர்கள் காலும் ஒத்துப்போக வேண்டும். வேகமாகத் தெரிந்தால் 0.95, 0.92 என்று குறைத்துப் பாருங்கள். 0.92-ல் 100 நிமிடம் ஏறக்குறைய 109 ஆகும். அதற்குக் கீழே போனால் இழுவை. ஒலித்தடம் இல்லாததால் வேகத்தை மாற்றுவதில் வேறு பாதிப்பு இல்லை. ஆனால் இசை ஒத்திகை தொடங்கும் முன்பே வேகத்தை முடிவு செய்து, அந்த வேகத்திலேயே புதுக் கோப்பாக எடுத்துவிடுங்கள். பிறகு தொட்டால் இசைக் குறிப்புகள் அத்தனையும் மாறும்.

தமிழ் வாசகம்

காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வரும் தலைப்பு அட்டைகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. காட்சிக்குள் வரும் கடிதம், பலகை, அச்சிட்ட தாள் எல்லாமே இந்தப் படத்தில் கதை சொல்கின்றன. இணையத்திலிருந்து இறக்கும் துணைவாசகக் கோப்புகள் பெரும்பாலும் அட்டைகளோடு நின்றுவிடும். கடைசிக் காட்சியில் நாடக நிகழ்ச்சித்தாளில் ஜானின் வாசகம் விளம்பரமாக அச்சாகியிருக்கும். மேரி அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகக் காட்டுவாள். அந்த ஒரு வரிக்குத் தமிழ் இல்லையென்றால், படத்தின் மொத்தக் கணக்கும் கூடத்தில் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. முதல் வேலையாகப் படத்தை ஓட்டி, திரையில் எழுத்து வரும் ஒவ்வொரு இடத்தையும் நிமிடம், வினாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் மொழிபெயர்ப்பு.

நடை எப்படி இருக்க வேண்டும்? அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று கதையை நகர்த்துவது, இன்னொன்று பேச்சு. கதை சொல்லும் அட்டைக்கு நல்ல எழுத்துத் தமிழ். பேச்சுக்குப் பேச்சுத் தமிழ், ஆனால் வட்டார வழக்கை ரொம்பக் கலக்காமல். மதுரைக்காரர், வேலூர்க்காரர், மூன்று தலைமுறையாக ஸ்ரீராமபுரத்தில் இருப்பவர் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

உறவுமுறையில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேரியின் அண்ணன்மார் இருவரும் ஜானை மதிப்பதில்லை. தமிழில் ‘மாப்பிள்ளை’ என்று போட்டுப் பாருங்கள். வேலையில்லாத வீட்டு மாப்பிள்ளைக்கு மச்சான்மார் முன்னால் என்ன மரியாதை என்பது அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். மேரியும் ஜானும் கலியாணத்துக்கு முன் ‘நீங்க’ போட்டுப் பேசி, பிறகு ‘நீ’ என்று மாறலாம். சண்டையில் மேரியை மறுபடி ‘நீங்க’ என்று பேசவைக்கும் ஆசை வரும். வேண்டாம், அது நம் சினிமா வசனமாகிவிடும்.

ஜான் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு, தன் கப்பல் ஒருநாள் கரை சேரும் என்பது. தனக்கும் காலம் வரும் என்று பொருள். கப்பலைத் தூக்கிவிட்டு ‘நமக்கும் ஒரு காலம் வரும்’ என்று போடலாம், உடனே புரியும். ஆனால் தமிழிலும் கப்பல் இருக்கிறதே. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவனிடம் ‘கப்பல் கவிழ்ந்துபோச்சா’ என்றுதான் கேட்கிறோம். அதனால் தொடக்கத்தில் ‘பாரு, நம்ம கப்பல் கரைக்கு வரத்தான் போகுது’ என்று கப்பலை விட்டுவைத்தால், பின்பாதியில் ஜான் தலை கவிழ்ந்து உட்காரும்போது எந்த அட்டையும் இல்லாமலே அந்தக் கேள்வி பார்ப்பவர் மனசில் தானாக எழும். கப்பலை வைத்துக்கொள்வதே நல்லது.

பரிசு வாங்கும் வாசகம் அடுத்த பெரிய முடிச்சு. ஒரு துப்புரவுப் பொருளுக்கு ஜான் எழுதுவது, கண்கட்டு வித்தைக்காரனின் கைவேகத்தையும் அழுக்கு மறைவதையும் சேர்த்த சொல் விளையாட்டு. இதில் இரண்டு சொல்லை இழக்கக் கூடாது: கை, வித்தை. ஏனென்றால் படத்தின் தொடக்கத்தில் பஸ் மேல்தளத்திலிருந்து ஜான் பார்த்துச் சிரிக்கும் ஆள், கோமாளி வேஷம் போட்டு, முன்னும் பின்னும் விளம்பரப் பலகை மாட்டி, தெருவில் பந்து வீசிப் பிடித்து வித்தை காட்டுகிறவன். இவன் அப்பன் இவனை ஜனாதிபதியாக வருவான் என்று நினைத்திருப்பான் என்று ஜான் கேலி பேசுகிறான். கடைசியில் அதே வேஷத்தைப் போட்டு அதே வேலைக்கு நிற்கப்போகிறவன் ஜான்தான். ‘கைவித்தை: கறை மாயம்!’ என்று போட்டால் அந்த நூல் அறுபடாது. ‘பளிச்சென்று வெளுக்கும்’ வகையறா சோப்பு விளம்பரத் தமிழ் இங்கே வந்தால் சிரிப்பு வரும், முடிச்சு போய்விடும்.

பரிசுப் பணம் 500 டாலர். இதை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் போடச் சொல்லி யாராவது கேட்பார்கள், செய்யாதீர்கள். அளவுகோலைப் படமே தருகிறது. ஐந்து ஆண்டில் அந்த வீட்டில் நடந்த இரண்டு பெரிய சங்கதிகள் என்று ஒரு அட்டை வரும்: ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஜானுக்கு 8 டாலர் சம்பள உயர்வு கிடைத்தது. அந்த 8 பார்வையாளர் மனசில் பதியும்படி எண்ணாகவே போடுங்கள். பிறகு 500 என்றதும் அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

கூட்டம் எப்போதும் நம்மோடு சிரிக்கும், நம்மோடு அழுவது ஒரே ஒரு நாள்தான் என்ற பொருளில் வரும் அட்டைக்குப் பழமொழி தேட வேண்டாம். நேராகவே சொல்லுங்கள். தமிழில் இந்தப் பொருளுக்குச் சொலவடை நிறைய உண்டு, எதைப் போட்டாலும் பார்வையாளர் ‘ஓ, தெரிஞ்ச கதை’ என்று தள்ளிவிடுவார். இங்கே நிற்க வைக்க வேண்டும்.

நேரக் கணக்கு: நான்கு வினாடி நிற்கும் அட்டைக்கு ஆறிலிருந்து எட்டுத் தமிழ்ச் சொல். அதற்கு மேல் வந்தால் வெட்டுங்கள். உறுதிப்படுத்த ஒரு வழி, வாய்விட்டு நிதானமாக ஒருமுறை படித்து முடிக்கும்வரை அட்டை நிற்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. வரியை உடைக்கும்போது ‘வந்து’ மேலே, ‘கொண்டிருந்தான்’ கீழே என்று வினையைப் பிளக்காதீர்கள்.

தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எழுத்துரு. எஸ்.ஆர்.டி. துணைவாசகக் கோப்பை யூடிஎஃப்-8-ல் சேமிக்காவிட்டால் கேள்விக்குறி வரிசை வரும். சேமித்தாலும் சில வீடியோ ப்ளேயர்களில் ‘கொ’, ‘போ’ போன்றவற்றில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். அதனால் காட்சிக்குத் தனித் துணைவாசகக் கோப்பை நம்பாதீர்கள். ஏஜிசப் என்ற துணைவாசக மென்பொருளில் தயார்செய்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில், 1080 வரிப் படத்துக்கு 60 முதல் 65 அளவில் வைத்து, படத்தோடு நிரந்தரமாகப் பதித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இதைச் செய்யும். ஆங்கில அட்டையை அழித்து முழுத் தமிழ் அட்டை செய்யவும் முடியும். நம் மௌனப் பட நாட்களில் அட்டைகள் பல மொழிகளில் வந்தவைதான். ஆனாலும் ஆங்கில அட்டையை அப்படியே விட்டு, கீழே தமிழைப் போடுவதே நமக்குச் சரியாகப் படுகிறது. எழுத்தின் வடிவமும் அந்தக் காலத்துச் சங்கதி.

படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் வருவார்கள் என்றால் ஒரு கதைசொல்லியை அமர்த்தலாம். பழைய கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று அட்டையைப் படித்துக் கதை சொன்னவர்கள் இருந்தார்கள். நல்ல மரபு. ஆனால் கதைசொல்லி அட்டையை மட்டும் படிக்கட்டும், காட்சியை விளக்க வேண்டாம். ஜான் அழுகிறான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இசை

மூன்று பேர் போதும்: வயலின், கீபோர்டு, கஞ்சிராவும் மிருதங்கமும் மாற்றி மாற்றி வாசிக்கும் ஒரு தாளக்காரர். நான்கு பேரானால் ஒத்திகை இரண்டு மடங்கு ஆகும். சினிமாப் பாட்டு மெட்டு எதுவும் வேண்டாம். உரிமைத் தொல்லை ஒரு பக்கம். அதைவிட, தெரிந்த மெட்டு வந்ததும் கூடம் அந்தப் பாட்டின் வரியைத் தேடப் போய்விடும், படத்தில் இருக்காது. கீர்த்தனைகளிலும் இதே ஆபத்து உண்டு. ராக ஆலாபனையாக, சிறு துண்டுகளாக வாசிப்பதே ஏற்றது.

குறிப்புத்தாள் ஒன்று தயார்செய்யுங்கள். நான்கு பத்தி: நேரம், திரையில் தெரியும் அடையாளம், யார் வாசிப்பது, எதைப் பார்த்ததும் நிறுத்துவது. நான்காவது பத்திதான் முக்கியம். தொடங்குவது எல்லாருக்கும் தெரியும், நிறுத்தத் தெரியாமல்தான் மௌனப் பட இசை சலிப்பாகிறது. மொத்தம் 12 முதல் 15 பகுதிக்குள் அடக்குங்கள். அடையாளமாக அட்டையை வைக்காதீர்கள், உருவத்தை வையுங்கள்: ‘கடிகாரம் தெரிந்ததும்’, ‘கட்டில் மடங்கியதும்’. குனிந்து வாசிப்பவர் நிமிரும்போது அட்டை போயிருக்கும்.

அலுவலகக் காட்சிக்குக் கஞ்சிரா மட்டும், ஒரே நடையில், அலங்காரம் இல்லாமல். குமாஸ்தாக்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, மணி அடித்ததும் எழுவார்கள். அந்த நொடியில் கஞ்சிரா நிற்க வேண்டும், ஒரு தட்டுக்கூடக் கூடாது. கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவில் மூவரும் சேர்ந்து, சத்தமாக. நயாகரா தேனிலவுக்கு வயலின் தனியாக. ரயில் ஓசை அதிரும் அந்தச் சின்ன வீட்டில் மிருதங்கத்தின் இடந்தலையில் மெல்லிய உருட்டல். முகாரி வாசிக்க வேண்டும் என்று வயலின்காரருக்குக் கை துடிக்கும் இடங்கள் பின்பாதியில் பல உண்டு. ஒரு இடத்துக்கு மேல் அனுமதிக்காதீர்கள். எல்லா இடத்திலும் அழுதால் எந்த இடமும் அழுகை ஆகாது.

இனி அந்த விபத்து. பரிசுப் பணத்தில் பொம்மைகள் வாங்கி வந்த ஜானும் மேரியும் மாடி ஜன்னலிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு பொம்மையைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் சிரித்தபடி தெருவைக் கடந்து ஓடிவருகிறார்கள். மகள் மேல் லாரி ஏறுகிறது. அதுவரை உற்சாகமாக வாசித்துக்கொண்டிருங்கள், எச்சரிக்கை எதுவும் இசையில் வரக் கூடாது. லாரி வந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். குழந்தை உள்ளே உயிருக்குப் போராடும்போது, தெருவின் இரைச்சலைப் பொறுக்க முடியாமல் ஜான் வெளியே வந்து, வண்டிகளையும் ஆட்களையும் கை நீட்டி, சத்தம் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறான். ஒரு போலீஸ்காரர் அவனை உள்ளே போகச் சொல்கிறார்: உன் பிள்ளைக்கு முடியவில்லை என்பதற்காக உலகம் நின்றுவிடாது. இந்தப் பகுதி முழுக்க இசை இல்லை. கதைசொல்லி இருந்தால் அவரும் படிக்கக் கூடாது, எழுத்து மட்டும் திரையில் வரட்டும்.

ஒரு மௌனப் படத்தில், சத்தத்தை அடக்க ஒருவன் தெருவில் தன்னந்தனியாக நிற்கும்போது கூடத்தில் உண்மையிலேயே சத்தம் இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒத்திகையில் ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும். ஆனால் கூடத்தில் சத்தம் இருக்கும்: சுவர் மின்விசிறி, புரொஜெக்டரின் காற்றாடி, வெளியே ஆட்டோ. விசிறிகளைப் படம் தொடங்கும்போதே மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் மட்டும் அணைத்தால் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். புரொஜெக்டரை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குப் பின்சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். தெருப்பக்க ஜன்னல்களுக்குக் கனமான திரை. மாலை ஏழரைக்குத் தொடங்கினால் இந்தக் காட்சி வரும்போது சாலை இரைச்சல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆறு மணிக் காட்சி என்றால் பெங்களூர் டிராஃபிக் உச்சத்தில் அது வந்து விழும்.

திரையும் விளக்கும்

படம் 4-க்கு 3 விகிதம். இருபக்கமும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். திரையை நிரப்ப இழுத்தால் எல்லார் முகமும் பருத்துவிடும், பெரிதாக்கினால் தமிழ் வாசகம் வெட்டுப்படும். 2 மீட்டர் உயரப் படத்துக்கு அகலம் 2.67 மீட்டர். ஆனால் 16-க்கு 9 புரொஜெக்டர் 3.56 மீட்டர் அகலத்துக்கு ஒளி வீசும், தூரத்தை அந்த அகலத்தில் கணக்கிடுங்கள். லென்ஸின் த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 5.3 மீட்டர் தூரம். முழு இருட்டான கூடத்துக்கு 1500 முதல் 2000 லூமென் வெளிச்சம் போதும். ஜன்னல் வழியே தெருவிளக்கு வந்தால் 3000-க்கு மேல் வேண்டும். கடைசி வரிசை 12 மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் ஒன்றாகக் குழம்பும்.

வாடகைப் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் ‘டைனமிக்’ அமைப்பில் வரும். கருப்பு வெள்ளைப் படம் அதில் பச்சை அடிக்கும். ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி, வண்ணச் செறிவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து மீட்டருக்கு மேல் எச்டிஎம்ஐ கேபிள் ஓடினால் சாதாரணக் கேபிளில் படம் விட்டு விட்டு வரும், ஆக்டிவ் கேபிள் கேளுங்கள். இசைக் கலைஞர்கள் திரையைத் திரும்பிப் பார்த்து வாசிக்க முடியாது, ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு அவர்கள் முன்னால் சின்ன மானிட்டர் வையுங்கள். அவர்களின் குறிப்புத்தாள் விளக்கு, திரைக்கு முதுகு காட்டி, மஞ்சள் தாள் சுற்றி.

கோப்பை இரண்டு பென் டிரைவில் வையுங்கள். 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி-32 ஏற்காது, எக்ஸ்ஃபேட்டில் வடிவமையுங்கள். மடிக்கணினியில் வாட்ஸாப், அறிவிப்புகள், தானியங்கிப் புதுப்பிப்பு, உறக்கநிலை எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மின்தடைக்கு 1 கேவிஏ யுபிஎஸ் புரொஜெக்டருக்கு மட்டும். விளக்கு வகைப் புரொஜெக்டர் சட்டென்று அணைந்தால் மறுபடி எரியச் சில நிமிடம் பிடிக்கும், அந்தச் சில நிமிடத்தில் படம் செத்துவிடும்.

ஆட்களைக் கூட்டுவது

பெங்களூரில் சுவரிலும் கம்பத்திலும் அனுமதியின்றி ஒட்டுவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். 2018-ல் மாநகராட்சி விளம்பரப் பலகைகளுக்குத் தடையே போட்டது. அதனால் வாட்ஸாப், சங்க அறிவிப்புப் பலகை, காக்ஸ் டவுன், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் மெஸ்களிலும் உள்ளே வைக்கும் சின்னத் தாள். தாளில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: 1928-ஆம் ஆண்டு மௌனப் படம், தமிழ் வாசகம், நேரடி இசை. கன்னட நண்பர்கள் வருவார்கள். வரவேற்பைக் கன்னடத்திலும் சொல்லுங்கள், கதைச் சுருக்கத்தைக் கன்னடத்தில் அரைப் பக்கம் அச்சிட்டு வாசலில் வையுங்கள்.

முன்னுரை ஐந்து நிமிடம். எடுத்த விதத்தைப் பற்றிச் சொல்லலாம்: நியூயார்க் தெருவில் கேமராவை மறைத்து வைத்து உண்மையான கூட்டத்தைப் படம்பிடித்தது, கட்டடத்தில் ஏறும் காட்சிக்கு மாதிரிக் கட்டடத்தைத் தரையில் படுக்கவைத்து மேலே கேமராவை நகர்த்தியது. மேரியாக நடித்த எலினோர் போர்டுமன் அப்போது விடோரின் மனைவி. ஜானாக நடித்த ஜேம்ஸ் மரே, துணை நடிகர் கூட்டத்திலிருந்து விடோர் கண்டெடுத்தவர். முதல் ஆஸ்கர் விழாவில் படமும் இயக்குநரும் பரிந்துரை பெற்றதையும் சேர்க்கலாம். ஜேம்ஸ் மரே 1936-ல், இன்னும் நாற்பதைத் தொடாத வயதில், ஹட்சன் ஆற்றில் இறந்ததை முன்னுரையில் சொல்லாதீர்கள். சொன்னால் பார்வையாளர் ஜானைப் பார்க்க மாட்டார்கள், மரேயைத்தான் பார்ப்பார்கள். கலந்துரையாடலில் யாராவது கேட்டால் அப்போது.

கோப்பின் முடிவில் 30 வினாடி வெறும் கருப்பைச் சேர்த்துப் பதியுங்கள். இல்லையென்றால் கடைசிச் சட்டகம் முடிந்த மறுநொடி மடிக்கணினியின் முகப்புத் திரை, பெயர் போடாத கோப்புறைகளோடு சுவர் முழுக்க வந்து நிற்கும். ஜானின் குடும்பம் சிரிக்கும் கூட்டத்துக்குள் கரைந்து மறையும் அந்தக் காட்சியில் இசையும் மெல்ல ஓய்ந்து கருப்புக்குள் போகட்டும். விளக்குப் பலகையில் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கைத்தட்டல் தொடங்கியதும் விளக்கைப் போட வேண்டாம், கருப்பு முழுவதும் ஓடி முடியட்டும், முதலில் பின்வரிசை விளக்கு, பத்து வினாடி கழித்து நடு, மேடை விளக்கு கடைசியில்.